கொடுத்தது மட்டும் மிஞ்சியது: ஹஜ்ஜா பாத்திமா அம்மையாரின் வாழ்க்கை

கூக்குப் என்றதும் ஜொகூர்வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடலுணவு. வார இறுதியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொந்தியான் வழியாகப் போய், மரக்கால்களின் மீது நிற்கும் உணவகத்தில் அமர்ந்து, நண்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நம்மில் பலருக்குப் பழக்கம். எதிரே அலையாத்திக் காடு அடர்ந்த கூக்குப் தீவு. துறையிலிருந்து இந்தோனேசியாவின் காரிமுனுக்குப் படகு. அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கூக்குப்.

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு, அந்தக் கரையோரத்தில் பெரியதொரு நிலப்பரப்பு ஒரே ஒரு வணிகரின் கையில் இருந்தது. 1878ஆம் ஆண்டில் ஜொகூர் மகாராஜா அபு பக்கர் அதைச் சிங்கப்பூர் அரபு வணிகர் சையது முகமது பின் அகமது அல்சகாஃபுக்கு உரிமையாகக் கொடுத்தார். தோட்டத்துக்கு அவர் கான்ஸ்டான்டிநோபிள் என்று பெயர் வைத்தார். அதற்குள் புழங்குவதற்கென்று சொந்தமாகப் பண நோட்டே அச்சிட்டார். இன்று அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்வார் யாருமில்லை. நோட்டுகள் பழைய நாணயம் சேர்ப்போரின் ஏடுகளுக்குள் கிடக்கின்றன.

ஆனால் அவருடைய பாட்டியின் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. கடற்பாலத்தைத் தாண்டினால், சிங்கப்பூர் பீச் ரோட்டில் அந்தப் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலில் தினமும் ஐந்து வேளை தொழுகை நடக்கிறது. அவர்தான் ஹஜ்ஜா பாத்திமா அம்மையார்.

மலாக்காவின் மகள்

பாத்திமா மலாக்காவில் வசதியான மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த காலத்து மலாக்கா, புகழின் உச்சத்திலிருந்து இறங்கிவந்த ஊர். போர்த்துகீசியர் ஆண்டு, டச்சுக்காரர் ஆண்டு, கடைசியில் 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. துறைமுகத்தில் மணல் சேர்ந்து, கப்பல்கள் குறைந்துகொண்டிருந்தன. ஆனாலும் வணிகம் தெரிந்த குடும்பங்கள் அங்கே நிறைய இருந்தன. நம் மலாக்கா செட்டிகளின் முன்னோர், தமிழ் முஸ்லிம் வணிகர்கள், பாபா சீனர்கள், மலாய்க்காரர்கள் என்று பலரும் ஒருவர் மொழியை ஒருவர் பேசி, ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து வாங்கி வாழ்ந்த ஊர் அது. அங்கே பிறந்த பெண்ணுக்குத் துறைமுகமும் கணக்கும் அந்நியமாக இருந்திருக்காது.

1819ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். அப்போது அந்தத் தீவு ஜொகூர்-ரியாவ் சுல்தானகத்தின் ஒரு பகுதி. சுல்தான் உசேனுடனும் தெமங்கோங் அப்துல் ரகுமானுடனும் அவர் உடன்பாடு செய்துகொண்டார். வரியில்லாத் துறைமுகம் என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. மலாக்காவிலிருந்து மட்டும் எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. அதே காலத்தில்தான் நம்மவர் நாராயண பிள்ளையும் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து இறங்கி, 1827ஆம் ஆண்டில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைத் தொடங்கிவிட்டார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் கையில் காசு சேர்ந்ததும் முதலில் வழிபாட்டு இடத்தைத்தான் கட்டினார்கள்.

பாத்திமாவும் அப்படி வந்த ஒருவர். செலிபிஸ் தீவிலிருந்து, அதாவது இன்றைய சுலாவேசியிலிருந்து வந்த பூகிஸ் இளவரசர் ஒருவரை அவர் மணந்தார். அந்தத் தீவின் கோவா அரச மரபைச் சேர்ந்தவர் அவர் என்று சொல்வார்கள். இந்தியாவின் கோவாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இளவரசர் என்றதும் அரண்மனை, பல்லக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பூகிஸ் மக்களிடம் அரச குலத்தவரும் கப்பலோட்டி வணிகம் செய்வார்கள். சிங்கப்பூரில் அவர் ஒரு வணிகக் கிடங்கை நடத்திவந்தார்.

கப்பல்களின் எஜமானி

பூகிஸ் வணிகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அம்மையார் செய்த காரியத்தின் கனம் புரியும்.

ஆண்டுதோறும் தென்கிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு, கிழக்குத் தீவுகளிலிருந்து பூகிஸ் பாய்மரப் படகுகள் கூட்டமாகச் சிங்கப்பூருக்கு வரும். பிராவு என்று அவற்றைச் சொல்வார்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கம்போங் கிளாம் கரை முழுவதும் பாய்மரக் காடாக இருக்கும். கடல் அட்டை, பறவைக்கூடு, முத்துச்சிப்பி, பொன்துகள், வாசனைப் பொருள்கள் என்று கொண்டுவந்து இறக்குவார்கள். துணி, இரும்பு, அபின் போன்றவற்றை ஏற்றிக்கொண்டு, காற்று திசை மாறும்போது திரும்பிப் போவார்கள். சரக்கை வாங்க வேண்டும், விற்க வேண்டும், அடுத்த பருவம் வரை கடன் நிலுவையைக் காக்க வேண்டும். கடலில் கொள்ளையர் பயம். காற்று பிசகினால் ஓராண்டு வருமானம் போய்விடும். சிங்கப்பூரின் ஆரம்ப கால வளர்ச்சிக்குப் பெரிய தூணாக இருந்தது இந்தப் பூகிஸ் வணிகம்தான்.

இந்தத் தொழிலின் நடுவில் கணவர் காலமானார். பாத்திமா அப்போது இளம் வயதினர். கையில் ஒரு மகள், ராஜா சித்தி.

அந்தக் காலத்தில் இளம் விதவைக்கு முன்னால் இரண்டு எளிய வழிகள் இருந்தன. சொத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டு பிறந்த ஊருக்குத் திரும்பலாம். அல்லது கணவர் வீட்டு ஆண்கள் எவரிடமாவது தொழிலை ஒப்படைத்துவிட்டு, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாழலாம். பாத்திமா இரண்டையும் செய்யவில்லை. தொழிலைத் தானே எடுத்து நடத்தினார். சொந்தமாகக் கப்பல்களும் பிராவுகளும் வைத்திருந்தார். கணவர் விட்டுச்சென்றதைக் காப்பாற்றியதோடு நிற்காமல் மேலும் பெருக்கினார். மக்கள் அவரைக் கோவாவின் சுல்தானா என்று மதிப்போடு அழைக்கும் அளவுக்கு அவருடைய செல்வாக்கு வளர்ந்தது.

தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்ட பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். கணவன் போன பிறகு கடையைத் திறந்து வைத்த பாட்டி, மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பாட்டி, சீட்டுக் கட்டி நிலம் வாங்கிய பாட்டி. அளவுதான் வேறு. எதற்கும் கலங்காத அந்த மனம் ஒன்றுதான்.

இரண்டு கொள்ளை, ஒரு தீ

அம்மையாரின் வீடு கம்போங் கிளாமை ஒட்டி, ஜாவா சாலைப் பகுதியில் இருந்தது. பெரிய வீடு. செல்வம் இருக்கும் வீடு என்று ஊருக்கே தெரியும்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூர், இன்று நாம் அறிந்த ஒழுங்கான நகரமல்ல. காவலர் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆட்கள் கூட்டமாகத் திரண்டு, தீவட்டியோடு வந்து வீடு புகுந்து கொள்ளையடிப்பது அடிக்கடி நடந்தது. அதைத் தடுக்க வழி செய்யுங்கள் என்று வணிகர்கள் கூட்டம் போட்டு அரசாங்கத்திடம் முறையிட்ட காலம் அது.

1830களின் இறுதியில் அம்மையாரின் வீட்டிலும் கொள்ளையர் புகுந்தார்கள். அதோடு முடியவில்லை. மறுபடியும் வந்தார்கள். இரண்டாம் முறை கொள்ளையடித்ததோடு வீட்டுக்குத் தீயும் வைத்துவிட்டுப் போனார்கள். சொத்து போனது, வீடு எரிந்தது, ஆனால் அம்மையாருக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை திரும்புகிறது.

இரண்டு முறை கொள்ளை போய், எரிந்தும் போன இடத்தைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? ராசியில்லாத இடம் என்போம். விற்றுவிட்டுப் போ என்று உறவினர் சொல்வார்கள். இல்லையென்றால் மதிலை உயர்த்திக் காவலுக்கு ஆள் போடுவோம். அம்மையார் கணக்கை வேறு விதமாகப் போட்டார். எது போனது என்று பார்க்கவில்லை. உயிர் மிஞ்சியது என்று பார்த்தார். அந்த உயிரைக் காத்த இறைவனுக்கு நன்றியாக, எரிந்த வீடு நின்ற அதே நிலத்தையே பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். கட்டுவதற்கான பணத்தையும் அவரே கொடுத்தார். தாம் வேறிடத்துக்குக் குடிபோனார்.

நிலத்தின் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, மீதியில் புது வீடு கட்டிக்கொள்ளவும் அவரால் முடிந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஏழைகள் தங்கவென்று வீடுகளும் கட்டிக்கொடுத்தார். வீடு எரிந்ததைக் கண்டவருக்கு, வீடில்லாதவரின் நிலை நன்றாகவே புரிந்திருக்கும்.

சாய்ந்து நிற்கும் மினாரா

1845, 1846ஆம் ஆண்டுகளில் பள்ளிவாசல் எழுந்தது. அதன் தோற்றத்தைப் பார்ப்பவர்கள் சற்று நின்றுவிடுவார்கள். நாம் வழக்கமாகப் பார்க்கும் மினாரா போல இல்லாமல், அதன் மினாரா ஒரு கிறிஸ்துவ தேவாலயத்தின் கோபுரம் போல இருக்கிறது. காரணம் உண்டு. அதை வரைந்தவர் ஓர் ஐரோப்பியர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அன்றைய அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சனின் கைவண்ணம் என்றும் சொல்வார்கள். நகரின் முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கோபுரம் அமைத்தவரும் அவரே. இரண்டுக்கும் சாயல் ஒற்றுமை உண்டு.

ஐரோப்பியத் தூண் வேலைப்பாடு, சீனத்து மெருகிட்ட ஓடு, மலாய்க் கட்டடங்களின் சாயல், வெங்காய வடிவக் குவிமாடம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் என்று பல கைகள் சேர்ந்த கட்டடம் அது. மலாய்ப் பெண், பூகிஸ் கணவர், பின்னால் வந்த அரபு மருமகன் என்றிருந்த குடும்பத்துக்கு இப்படிப்பட்ட கட்டடம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த மினாரா சற்றே சாய்ந்தும் நிற்கிறது. ஏறக்குறைய 6 பாகை சாய்வு, குவிமாடத்தின் பக்கமாக. அடியில் இருப்பது கடற்கரை மணல். கட்டும் காலத்தில் கடல் அருகிலேயே இருந்தது. பீச் ரோடு என்ற பெயரே அதற்குச் சாட்சி. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து கரை வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது. சாய்வை நிமிர்த்தப் பின்னாளில் முயற்சிகள் நடந்தன. ஆனாலும் சாய்வு முழுதாக நீங்கவில்லை. சிங்கப்பூரின் சாய்ந்த கோபுரம் என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது.

1930களில் தொழுகை மண்டபம் பழுதடைந்து, புதிதாகக் கட்டப்பட்டது. வரைபடம் போட்டது சுங் அண்டு வோங் என்ற சீனக் கட்டடக் கலைஞர்களின் நிறுவனம். கட்டியது போசார் மோப்பின் என்ற பிரெஞ்சு நிறுவனம். வேலை செய்தவர்கள் மலாய்த் தொழிலாளர்கள். முதலில் எத்தனை இனத்தார் கை பட்டதோ, அடுத்த முறையும் அப்படியே.

மகள், மருமகன், பேரன்

ராஜா சித்தி வளர்ந்து பெரியவளானதும், அம்மையார் அவருக்குத் துணையாகத் தேர்ந்தது சையது அகமது அல்சகாஃபை. ஏமன் நாட்டின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து தம் தந்தை சையது அப்துல் ரகுமானோடு 1824ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தவர் அவர். வாசனைப் பொருள் வணிகம் செய்த குடும்பம், நபிகள் நாயகத்தின் வழித்தோன்றல்கள் என்ற பெருமை உடையது.

இந்த மணம் இரண்டு கடல்களைச் சேர்த்தது. மாமியாரிடம் கிழக்குத் தீவுகளின் பூகிஸ் வணிகம் இருந்தது. மருமகன் பக்கத்தில் அரபுக் கடலின் தொடர்புகள் இருந்தன. 1848ஆம் ஆண்டில் அல்சகாஃப் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது பிறகு சிங்கப்பூரின் மிகப்பெரிய அரபு நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் வேரில் ஒரு விதவைத் தாய் கட்டிக்காத்த முதல் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

ராஜா சித்திக்கும் சையது அகமதுக்கும் 1836ஆம் ஆண்டில் பிறந்தவர்தான், நாம் தொடக்கத்தில் பார்த்த சையது முகமது. நோங் சிக் என்று ஊரார் செல்லமாக அழைத்தவர். அவர் காலத்தில் குடும்பம் உச்சத்தைத் தொட்டது. நகரெங்கும் நிலம். இன்று உலகமே அறிந்த ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது, அந்த இடம் அவரிடமிருந்தே குத்தகைக்கு எடுக்கப்பட்டது. துருக்கி சுல்தானின் அரசு அவருக்குச் சிறப்பு செய்தது. ஜொகூர் அரண்மனைக்கு நெருக்கமானவர். அந்த நெருக்கத்தில் கிடைத்ததுதான் கூக்குப்.

கூக்குப் தோட்டத்தின் மறுபக்கம்

தோட்டம் என்றால் நமக்குத் தெரியாததா? அதன் பெயருக்குப் பின்னால் வேர்வையும் கடனும் இருக்கும் என்பது ஜொகூர்த் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சையது முகமது கூக்குப்பில் தென்னை, சவ்வரிசி, காப்பி, மிளகு, அன்னாசி என்று பயிரிட்டார். வேலைக்கு ஆள் கிடைத்த வழிகளில் ஒன்று கேட்பவர் மனத்தைச் சங்கடப்படுத்தும். அல்சகாஃப் குடும்பத்துக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் தொழிலும் இருந்தது. ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் போகும் ஏழைப் பயணிகளில் பலருக்கு, மக்கா சேர்ந்ததும் கையிருப்பு தீர்ந்துவிடும். திரும்பி வரக் காசிருக்காது. அவர்களுக்குக் கடனாகப் பயணச் சீட்டு கொடுக்கப்படும். அந்தக் கடன் தீரும்வரை கூக்குப் தோட்டத்தில் உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். புனிதப் பயணம் முடித்து வீடு திரும்ப வேண்டியவர்கள், நடுவழியில் கடனாளிகளாக மண்வெட்டி பிடித்தார்கள்.

1880ஆம் ஆண்டில் இன்னொரு சோதனை வந்தது. சையது முகமதின் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமான ஜெட்டா என்ற நீராவிக் கப்பல், 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு போய்க்கொண்டிருந்தபோது, புயலில் சிக்கிப் பழுதடைந்தது. கப்பல் மூழ்கிவிடும் என்று நினைத்த தலைவரும் ஐரோப்பிய அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினார்கள். கப்பல் மூழ்கிவிட்டது என்றே ஏடனில் செய்தி சொன்னார்கள். சில நாளில் வேறொரு கப்பல் ஜெட்டாவை இழுத்துக்கொண்டு ஏடனுக்கு வந்து சேர்ந்தது. பயணிகளில் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள். உலகமே அதிர்ந்த செய்தி அது. எழுத்தாளர் ஜோசப் கான்ராட் பின்னாளில் இதை வைத்தே லார்ட் ஜிம் நாவலை எழுதினார்.

இவையெல்லாம் பேரனின் காலத்துத் தொழில் கணக்கு. பாட்டியின் பெருமையைச் சொல்ல வந்த இடத்தில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே குடும்பத்தில், ஒரே செல்வத்திலிருந்து, இரண்டு வகையான நினைவுகள் பிறந்திருக்கின்றன. ஏழைக்கு வீடு கட்டிக்கொடுத்த பாட்டி ஒரு பக்கம். ஏழைப் பயணியின் கடனைத் தோட்ட உழைப்பாக வசூலித்த தொழில் இன்னொரு பக்கம். செல்வம் தானாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதைப் பிடித்திருக்கும் கை எப்படித் திறக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

அதற்காகப் பேரனைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1906ஆம் ஆண்டில் அவர் காலமானார். தம் சொத்தின் ஒரு பகுதியை வக்ஃபாக எழுதிவைத்திருந்தார். அதிலிருந்துதான் 1912ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஜாலான் சுல்தானில் அல்சகாஃப் அரபுப் பள்ளி எழுந்தது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இப்போது அங்கே படிப்பவர்கள் பெண் பிள்ளைகள். கணக்கும் கப்பலும் தெரிந்திருந்த பாட்டியின் பேரன் வைத்த சொத்தில், நூறு ஆண்டு கழித்துப் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வக்ஃபு என்னும் ஏற்பாடு

வக்ஃபு என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு சொல். இறைவன் பெயரால் ஒரு சொத்தைப் பொது நன்மைக்கு ஒதுக்கிவிட்டால், அதன்பிறகு கொடுத்தவரும் அதைத் திரும்பக் கேட்க முடியாது. பிள்ளைகளும் பங்கு கேட்க முடியாது. விற்கவும் கூடாது. அதன் பயன் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். நம் ஊர்ப்பக்கம் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் நிலம் எழுதிவைத்தார்களே, ஏறக்குறைய அதைப் போல.

தங்கத்தைத் திருடன் எடுத்துப் போகலாம். வீட்டைத் தீ தின்னலாம். பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றதை இரண்டு தலைமுறைக்குள் வழக்குமன்றம் தின்னலாம். அம்மையார் முதல் இரண்டையும் தம் கண்ணாலேயே பார்த்தவர். யாரும் எடுக்க முடியாத ஓர் இடத்தில் தம் செல்வத்தை வைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதில் வியப்பில்லை.

அவர் 98 வயது வரை வாழ்ந்தார் என்று சொல்லப்படுகிறது. ஹஜ் கடமையை முடித்ததால் ஹஜ்ஜா என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. விமானத்தில் 9 மணி நேரத்தில் ஜித்தா சேரும் நமக்கு, அந்தக் காலத்து ஹஜ் என்னவென்று கற்பனை செய்வது கடினம். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் கடற்பயணம், பிறகு பாலைவனத்தில் ஒட்டகப் பயணம். போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டார் உறுதியாக நம்ப முடியாது. கடனையெல்லாம் அடைத்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

அம்மையார் காலமானபோது, தாம் கொடுத்த அந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகள் ராஜா சித்தியும் மருமகன் சையது அகமதும் பின்னர் அவருக்கு அருகிலேயே வந்து சேர்ந்தார்கள். எரிந்த வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறியவருக்கு, நிரந்தரமாகத் தங்க அதே நிலம் கிடைத்தது.

சுற்றிலும் மாறியது, நடுவில் நின்றது

1960களிலும் 1970களிலும் சிங்கப்பூரின் பழைய கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட்டன. ஜாவா சாலைப் பகுதியும் தப்பவில்லை. அத்தாப்பு வீடுகளும் கடைவீடுகளும் போயின. குடியிருந்தவர்கள் வெவ்வேறு பேட்டைகளுக்குப் போனார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. எதிர்ப்புறம் கோல்டன் மைல் கட்டடம் வந்தது. கம்பம் அழிந்தால் கோயிலோ பள்ளிவாசலோ என்ன கதியாகும் என்பது நமக்குத் தெரியும். தோட்டங்கள் விற்கப்பட்டபோது எத்தனை மாரியம்மன் கோயில்கள் இடம் பெயர்ந்தன, எத்தனை காணாமல் போயின என்பதை ஜொகூரிலேயே பார்த்திருக்கிறோம்.

ஹஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல் நின்றது. 1973ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் முதன்முதலாக 8 கட்டடங்களைத் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தது. அந்த எட்டில் ஒன்று மலாக்காவிலிருந்து வந்த பாத்திமா அம்மையாரின் பள்ளிவாசல். இன்னொன்று நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில். வந்தேறிகள் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவர்கள் கட்டியவை ஒரு நாட்டின் அடையாளங்களாகிவிட்டன.

அம்மையாரின் கப்பல்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கிடங்குகள் இருந்த கரையே இல்லை, கடல் தூர்ந்துவிட்டது. பூகிஸ் பாய்மரக் கூட்டம் வருவதில்லை, ஒரு ரயில் நிலையத்துக்கும் தெருவுக்கும் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேரனின் கூக்குப் தோட்டமும் போனது, நோட்டும் செல்லாமல் போனது. அவர் சேர்த்தது, காத்தது, பெருக்கியது எல்லாம் போய்விட்டது. கொடுத்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஜொகூர் பாருவிலிருந்து குயின் ஸ்திரீட் போகும் பேருந்தில் ஏறினால், இறங்கும் இடத்திலிருந்து அந்தப் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம். எந்தச் சமயத்தவராக இருந்தாலும், தொழுகை நேரம் தவிர்த்து, உரிய உடையில், மரியாதையோடு போனால் பார்த்து வரலாம். அடுக்குமாடிகளின் நடுவே, சற்றே தலைசாய்த்து நிற்கும் அந்த மினாராவின் கீழ் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அடுத்த முறை கூக்குப்பில் நண்டு சாப்பிடப் போகும்போது பிள்ளைகள் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், தோட்டக்காரரின் கதையோடு அவருடைய பாட்டியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியே, கடல் கடந்து வந்து, இருந்ததில் பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, பெயர் எங்கும் பொறிக்கப்படாமல் போய்ச்சேர்ந்த உங்கள் வீட்டுப் பாட்டியையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.